வீட்டில் வெப்பம் எங்கே கசிகிறது? தெர்மல் கேமரா சர்வே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெர்மல் கேமரா இன்று எவரும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. அது காட்டும் வண்ணப்படத்தை மட்டும் நம்பி நல்ல சுவரை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். குறையே இல்லாத ஜன்னலைக் கழற்றி மாற்றியவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர்களும் புதிதாகக் கேமரா பிடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்னால் விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. தெர்மல் இமேஜிங் சர்வேன்னா சரியா என்ன பண்ணுவாங்க?

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுச் சுவர், கூரை, தரை இருக்கிற வெப்பநிலையில் இந்தக் கதிர்வீச்சின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வரும். கேமராவின் சென்சார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிரை வாங்கி, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலையைக் கணக்கிட்டு அதற்கு ஒரு நிறம் கொடுக்கிறது.

சர்வேயில் வீட்டை உள்ளே சூடாக்கி வைத்துவிட்டு, வெளியே குளிராக இருக்கும் நேரத்தில் அறை அறையாகப் போவார்கள். வெளிச்சுவர், சீலிங், சுவரும் தரையும் சேரும் விளிம்பு, ஜன்னல் சட்டம், சுவிட்ச் போர்டு என்று ஒன்றையும் விடாமல் ஒரே திசையில் சுற்றி வருவார்கள். சந்தேகம் வரும் இடத்தில் ஒரு வெப்பப்படமும் அதே கோணத்தில் ஒரு சாதாரணப் புகைப்படமும் எடுப்பார்கள். அதன்பிறகு ஈரமானி, புகை, ப்ளோயர் டோர் (கதவில் விசிறி பொருத்திச் செய்யும் சோதனை, கேள்வி 13) போன்ற இன்னொரு வழியில் சந்தேகத்தைச் சோதிப்பார்கள். இந்தக் கடைசி வேலை நடக்காவிட்டால் அதை சர்வே என்று சொல்ல முடியாது.

2. சுவத்துக்கு உள்ள இருக்கறதை அப்படியே காட்டிடுமாமே, நிஜமா?

இல்லை. கேமரா பார்ப்பது சுவரின் மேல்பரப்பை மட்டுமே. உள்ளே இருக்கும் மரச்சட்டமோ இன்சுலேஷன் (வெப்பத்தைத் தடுக்க நிரப்பும் பஞ்சு போன்ற பொருள்) இல்லாத வெற்றிடமோ தெரிகிறதென்றால், அதற்கு நேர் மேலே உள்ள பரப்பு பக்கத்துப் பரப்பைவிட ஒரு டிகிரியோ அரை டிகிரியோ வேறுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த வேறுபாடு பரப்புவரை வந்து சேராவிட்டால் உள்ளே எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் படம் சமமாகத்தான் இருக்கும்.

மெல்லிய கருப்புப் பாலித்தீன் பைக்குள் கையை விட்டால் கேமராவில் விரல்கள் தெளிவாகத் தெரியும். தெளிந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அதே கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. நம் கண்ணுக்குத் தடையாக இருப்பதும் இந்தக் கதிருக்குத் தடையாக இருப்பதும் வேறு வேறு.

3. லேசர் புள்ளி விழற தெர்மாமீட்டர் கன் என்கிட்ட இருக்கு. அது போதாதா?

அந்தக் கருவி ஒரு வட்டத்தின் சராசரியைச் சொல்லும். 12:1 என்று எழுதியிருந்தால் 1.2 மீட்டர் தள்ளி நின்று பிடிக்கும்போது 10 செ.மீ. வட்டத்தின் சராசரி வரும். லேசர் புள்ளி எங்கே குறிவைக்கிறோம் என்று காட்டத்தானே தவிர, அளக்கும் பரப்பு அது இல்லை. சிறிய 160×120 கேமராகூட ஒரே நொடியில் 19,200 இடங்களை அளந்துவிடும். குறையைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் புள்ளிகள் சேர்ந்து தரும் வடிவம்தான் (கேள்வி 11). சந்தேகமான ஓரிடத்தை அவ்வப்போது சரிபார்க்க கன் போதும்.

4. போன்ல மாட்டுற சின்ன கேமரா வாங்கினா நானே பார்த்துக்கலாமா?

அறைக்குள் நின்று பார்க்கப் பல சமயம் போதும். வெளியே நின்று மாடிச் சுவரைப் பார்க்கப் போதாது. 160 புள்ளி அகலமும் 55 டிகிரி பார்வையும் உள்ள கேமராவில், 3 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி சுவரில் சுமார் 1.8 செ.மீ. இடத்தைப் பிடிக்கும், 10 மீட்டரில் 6 செ.மீ. ஒரு வெப்பநிலையை நம்பி எழுதக் குறைந்தது 3×3 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் 10 மீட்டரில் 18 செ.மீ.க்குக் குறைவான எதையும் இந்தக் கேமராவால் அளக்க முடியாது. 320 புள்ளியும் 25 டிகிரி லென்ஸும் இருந்தால் அதே தூரத்தில் ஒரு புள்ளி 1.4 செ.மீ.தான்.

பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துல்லியம் ±2 டிகிரி என்பது 18 என்று காட்டுவது உண்மையில் 16 ஆகவோ 20 ஆகவோ இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. உணர்திறன் 0.05 டிகிரி என்பது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் என்பது. வீட்டு வேலைக்கு இரண்டாவதே முக்கியம், 0.1 டிகிரிக்கு மேல் இருந்தால் படத்தில் இரைச்சல் புள்ளிகள் குறையை மூடிவிடும். எந்தக் கேமராவானாலும் பையிலிருந்து எடுத்ததும் படம் எடுக்காதீர்கள். அறையின் வெப்பநிலைக்கு வர 10 முதல் 15 நிமிடம் கொடுங்கள். இடையிடையே கேட்கும் 'டிக்' ஒலி, கேமரா தன் ஷட்டரை மூடித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒலி.

5. எப்ப எடுக்கணும்? உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் வேணும்கறாங்களே, அந்தக் கணக்கு எதுக்கு?

உள்ளே 20, வெளியே 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவரின் யூ மதிப்பு (சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) சுமார் 2. அதன் உள்பரப்பு 16 டிகிரியை ஒட்டி இருக்கும். நன்றாக இன்சுலேட் செய்த 0.3 மதிப்புள்ள சுவரின் உள்பரப்பு 19.4. இரண்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு, படத்தில் பளிச்சென்று தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 4 டிகிரிதான் என்றால் இதே இரண்டு சுவர்களுக்கும் இடையே 0.9 டிகிரிதான் வரும். பாதி விடுபட்ட இன்சுலேஷன், மெல்லிய இடுக்கு போன்ற சின்னக் குறைகள் அதில் காணாமல் போய்விடும். அதனால்தான் குறைந்தது 10 டிகிரி என்கிறோம். அந்த வித்தியாசம் படம் எடுப்பதற்கு முன் 4 மணி நேரமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். கனமான கல், செங்கல் சுவருக்கு இரவு முழுக்க இருந்தால் நல்லது.

வெயில் பட்ட சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரச்சட்டச் சுவர் என்றால் வெயில் விலகி 3 மணி நேரமும், செங்கல் சுவர் என்றால் 8 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மிகச் சிறந்தது. மழையில் நனைந்த சுவர் உலர்ந்தபின்தான் வெளிப்புறப் படம் எடுக்க வேண்டும். காற்று நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வீசினால் வெளிச்சுவரின் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். தெளிந்த வானம் மிகக் குளிர்ந்த பரப்பைப் போல நடந்துகொள்ளும். கூரையும் சுவரின் மேல்பகுதியும் உண்மையைவிடக் குளிராகத் தெரியும். வெளிப்புறப் படத்துக்கு மேகமூட்டமான இரவே வசதி.

6. நீங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டுல நாங்க என்ன செஞ்சு வைக்கணும்?

முந்தின இரவே ஹீட்டிங்கைப் போட்டு எல்லா அறையையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்குக் கொண்டு வாருங்கள். உள்கதவுகளைத் திறந்தும் ஜன்னல்களை மூடியும் வையுங்கள். பீரோ, சோபா, கட்டில் எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் இழுத்து வையுங்கள், படங்களைக் கழற்றுங்கள், திரைச்சீலையை ஒதுக்குங்கள். இதையும் முந்தின இரவே செய்ய வேண்டும். பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு அறையின் சூடு போய்ச் சேராததால் அது குளிர்ந்தே இருக்கும். சர்வேயர் வந்த பிறகு நகர்த்தினால், பீரோவின் உருவமே நீலச் செவ்வகமாகச் சுவரில் பதிந்திருக்கும். இன்சுலேஷன் இல்லாத இடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

காலையில் சமையல், வெந்நீர்க் குளியல், தரை துடைப்பது மூன்றையும் சர்வே முடியும்வரை தள்ளிப்போடுங்கள். வெளிச்சுவரில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

7. தெருவுல நின்னு வீட்டை ஒரு ரவுண்டு எடுத்தா போதாதா? ஏன் படுக்கையறைக்குள்ள எல்லாம் வரணும்?

வெளிப்படம் பெரிய குறைகளை விரைவாகக் காட்டும். அதற்குமேல் அதை நம்ப முடியாது. காற்று, வானம், ஈரம் மூன்றும் வெளிப்பரப்பைக் கெடுக்கின்றன (கேள்வி 5). தவிர, சுவருக்கு வெளியே இடைவெளி விட்டுப் பலகையோ ஓடோ பதித்திருந்தால் அந்த இடைவெளியில் ஓடும் காற்று கசிந்த வெப்பத்தைத் துடைத்துவிடும். வெளியே நின்று பார்த்தால் அருமையான சுவர் போலத் தெரியும். உள்ளே காற்றும் வெயிலும் இல்லாததால் படம் நிலையாக இருக்கும். எனவே முதன்மையான படம் உள்ளிருந்து எடுத்ததாகவே இருக்க வேண்டும். கேள்வி 14இல் சொல்லும் ஒரு விஷயத்துக்கு வெளிப்படம் உதவும்.

8. சிவப்பா இருந்தா வெப்பம் வீணாகுதுன்னு அர்த்தமா?

நிறத்துக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. ஓரத்தில் இருக்கும் வெப்பநிலைக் கோலைப் பார்க்காமல் படத்தைப் படிக்கவே கூடாது. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் எதிரே இருக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கு நீலத்தையும் மிகச் சூடான இடத்துக்கு வெள்ளையையும் கொடுத்துவிடும். இரண்டுக்கும் 0.8 டிகிரிதான் வேறுபாடு என்றாலும் சுவர் தீப்பிடித்ததுபோல இருக்கும். அதே அறையில் ஒரு எரியும் பல்பு படத்துக்குள் வந்துவிட்டால் கோல் 60 டிகிரி வரை நீண்டு, உண்மையான குறை ஒரே நிறத்துக்குள் அமுங்கிவிடும்.

கைமுறையில் வைத்து, உட்புறத்துக்கு 8 முதல் 10 டிகிரி அகலம் கொடுத்து, வீடு முழுக்க அதே கோலில் எடுங்கள். அப்போதுதான் ஒரு அறையை இன்னொரு அறையோடு ஒப்பிட முடியும். நுணுக்கமான வடிவம் தேடும்போது, படத்தைச் சாம்பல் நிறங்களில் மட்டும் வைத்தால் கண்ணை ஏமாற்றாது. வானவில் நிறங்கள் இல்லாத விளிம்பையும் இருப்பதுபோலக் காட்டும்.

9. எமிஸிவிட்டின்னு ஒண்ணு கேக்குதே, என்ன போடணும்?

எமிஸிவிட்டி என்பது ஒரு பரப்பு எவ்வளவு முழுமையாகத் தன் வெப்பத்தைக் கதிராக வெளியிடுகிறது என்பதன் அளவு. பெயின்ட் அடித்த சுவர், பூச்சு, செங்கல், மரம், காகிதம் எல்லாம் 0.90 முதல் 0.95 வரை வரும். நிறம் கருப்பா வெள்ளையா என்பதால் பெரிதாக மாறாது. வீட்டுச் சுவருக்கு 0.95 வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பளபளப்பான அலுமினியம் 0.1க்கும் கீழே. அதன் வெப்பநிலையைக் கேமராவால் அளக்க முடியாது, எதிரே இருப்பதன் பிரதிபலிப்பைத்தான் காட்டும். உலோகத்தை அளந்தே ஆகவேண்டும் என்றால் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பை 0.95இல் அளக்க வேண்டும்.

பிரதிபலிப்பு வெப்பநிலையையும் கேமராவுக்குச் சொல்ல வேண்டும். சமையலறை அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கிவிட்டு மறுபடி விரித்து, ஒரு அட்டையில் பளபளப்பு வெளியே தெரிய ஒட்டுங்கள். அளக்கப்போகும் சுவரின் முன்னால் அதே தளத்தில் பிடியுங்கள். கேமராவில் எமிஸிவிட்டியை 1 ஆகவும் தூரத்தை 0 ஆகவும் வைத்துத் தாளின் சராசரி வெப்பநிலையைப் படியுங்கள். அந்த எண்ணைப் பிரதிபலிப்பு வெப்பநிலையாக எழுதிவிட்டு எமிஸிவிட்டியைத் திரும்ப 0.95க்குக் கொண்டு வாருங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தப்பாக அளக்கிறார்கள்.

10. ஜன்னல் கண்ணாடியில என் உருவமே சூடா தெரியுது. கண்ணாடி கெட்டுப் போச்சா?

கண்ணாடி நன்றாக இருக்கிறது. தெரிவது உங்கள் உடல் வெப்பத்தின் பிரதிபலிப்பு. நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆனால் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து பார்த்தால் எமிஸிவிட்டி குறைந்து பிரதிபலிப்பு இன்னும் கூடும். கண்ணாடியின் வெப்பநிலை வேண்டுமென்றால் காகித டேப் ஒரு துண்டு ஒட்டி, 5 நிமிடம் கழித்து டேப்பை அளங்கள்.

இரட்டைக் கண்ணாடியில் பார்க்க வேண்டியது நடுவும் ஓரமும். ஓரம் குளிராக இருப்பது இயல்பு. நடுவில் வட்டமாகக் குளிர்ந்திருந்தால் இரண்டு கண்ணாடிகளும் உள்வாங்கி நடுவில் நெருங்கியிருக்கின்றன, உள்ளிருந்த வாயு குறைந்திருக்கலாம். பக்கத்தில் உள்ள அதே மாதிரி ஜன்னலோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

11. படத்தைப் பார்த்து இது இன்சுலேஷன் குறையா, காத்து கசிவா, ஈரமான்னு எப்படிப் பிரிக்கிறது?

விளிம்பைப் பாருங்கள். இன்சுலேஷன் விடுபட்ட இடத்துக்கு விளிம்பு நேராக, கூராக இருக்கும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு முழுச் செவ்வகம் குளிர்ந்திருந்தால் அந்த இடைவெளியில் யாரோ பஞ்சை வைக்க மறந்திருக்கிறார்கள். சுவரின் உச்சியில் கிடைமட்டமாக ஒரு குளிர்ப் பட்டை தெரிந்தால் ஊதி நிரப்பிய இன்சுலேஷன் காலப்போக்கில் கீழே அமர்ந்துவிட்டது. ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகளாக வருவது வெப்பப் பாலம். சட்டம், தூண், லிண்டல், பால்கனித் தளம் போன்றவை இன்சுலேஷனைக் குறுக்கே கடந்து வெப்பத்தை வெளியே கடத்தும் இடங்கள் இவை. இவை கட்டமைப்பிலேயே உள்ளவை. யாருடைய வேலைக் குறையும் இல்லை.

காற்றுக்கசிவுக்குக் கூரான விளிம்பே இருக்காது. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால், சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையின் இடுக்கில் ஓரிடம் கடும் நீலமாக இருக்கும். அங்கிருந்து விரல்களை விரித்ததுபோல நாலைந்து கீற்றுகள் தரையில் நீண்டு, நுனியில் மங்கிப் பிசிறாக முடியும். குளிர்காற்று உள்ளே வந்து பரவிய தடம் அது. சில நொடிகள் உற்றுப் பார்த்தால் கீற்றின் நுனி அசையக்கூடக் காணலாம். சுவிட்ச் பெட்டி, பரண் மூடி, குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலை ஆகியவை இது அடிக்கடி தென்படும் இடங்கள். ஈரம் மேகம்போலத் திட்டுத்திட்டாக, கட்டமைப்பின் கோடுகளோடு ஒத்துப்போகாமல் இருக்கும்.

12. திட்டுத்திட்டா நீலமா இருக்கு. அப்ப ஈரம்தானே?

ஈரமாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். ஈரம் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விப்பதால் நீலமாகத் தெரிகிறது. அதே நீலம் ஒரு காற்றுக்கசிவாலும் பூச்சின் தடிமன் மாறுவதாலும் வரும். ஊசி வைத்த ஈரமானியால் திட்டின் நடுவிலும் வெளியிலும் அளந்து, இரண்டு எண்களும் தெளிவாக வேறுபட்டால்தான் ஈரம் என்று எழுத வேண்டும். காற்று அசையாத, ஈரப்பதம் மிகுந்த அறையில் ஆவியாதல் நின்றுவிடும். நனைந்த சுவரே படத்தில் தெரியாமல் போகும். 'படத்தில் ஒன்றும் இல்லை, எனவே ஈரம் இல்லை' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

தட்டையான கூரையில் இது தலைகீழாகும். கூரை இன்சுலேஷனுக்குள் நீர் புகுந்திருந்தால், வெயில் அடித்த நாளின் மாலையில் உலர்ந்த பகுதி விரைவாக ஆறிவிடும். நீர் கோத்த பகுதி சூட்டை விடாமல் பிடித்திருக்கும். சூரியன் மறைந்த பிறகு கூரையின் மேல் நின்று பார்த்தால் ஈரமான இடம் சூடான திட்டாகத் தெரியும்.

13. ப்ளோயர் டோர் சோதனையும் சேர்த்து செய்யணும்கறாங்க. அவசியமா?

காற்றுக்கசிவுதான் உங்கள் கவலை என்றால், அவசியம். வாசற்கதவில் விசிறி பொருத்தி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்து, உள்ளழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பார்கள். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் ஒரேநேரத்தில் காற்று வீசுவதற்கு இது சமம். எல்லா இடுக்கும் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். விசிறி போடுவதற்கு முன் ஒருமுறை வீடு முழுக்கப் படம் எடுத்துவிட்டு, விசிறி ஓடி 10 முதல் 15 நிமிடம் கழித்து அதே இடங்களை அதே கோணத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு படத்திலும் மாறாமல் இருப்பது இன்சுலேஷன் குறை அல்லது வெப்பப் பாலம். இரண்டாவதில் பரவியது கசிவு.

விசிறியைப் போடும் முன் எரியும் அடுப்பு, பாய்லர், கணப்பு எல்லாவற்றையும் அணைத்துச் சாம்பலை அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் புகையும் சாம்பலும் புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் வரும். விசிறி கிடைக்காதவர்கள் ஜன்னல்களை மூடிவிட்டு, எரிகருவிகளை இதேபோல அணைத்தபின், சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிடலாம். அழுத்தம் சில பாஸ்கல்தான் குறையும், என்றாலும் பெரிய கசிவுகள் வெளிப்படும். ஊதுபத்திப் புகையை அந்த இடத்தில் பிடித்தால் புகை வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

14. கீழ்தளத்துல நிறைய கசிவு, மாடியில ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கு. மாடி நல்லா கட்டியிருக்காங்களா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். சூடான காற்று மேலே ஏறும். அதனால் கீழ்தள இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வருகிறது, மாடி இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியே போகிறது. வெளியேறும் காற்று அறையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் உள்ளிருந்து எடுத்த படத்தில் எந்தத் தடமும் விழாது. மாடியில் இருக்கும் கசிவுதான் பல வீடுகளில் பெரியது.

இதைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, வெளியே நின்று கூரை விளிம்பையும் மாடி ஜன்னலின் மேல்பகுதியையும் பார்ப்பது. அங்கே சூடான கீற்று தெரியும். பரணுக்குள் ஏறி மேலிருந்து பார்ப்பதும் இதே வகைதான். இன்னொன்று, கேள்வி 13இல் சொன்னபடி அழுத்தத்தைக் குறைத்து, மாடியிலும் காற்றை உள்நோக்கித் திருப்புவது.

15. எல்லா மூலையும் கருப்பாவே தெரியுது. எந்த மூலையில பூஞ்சை வரும்னு சொல்ல முடியுமா?

மூலை எப்போதுமே கொஞ்சம் குளிர்ந்திருக்கும். உள்ளே சிறிய பரப்பு, வெளியே பெரிய பரப்பு, காற்றோட்டமும் குறைவு. ஆபத்தானதைப் பிரிக்க வெப்பநிலைக் காரணி என்ற கணக்கு உதவும். பரப்பின் வெப்பநிலையிலிருந்து வெளி வெப்பநிலையைக் கழித்து, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். உள்ளே 20, வெளியே 5, மூலை 13.5 என்றால் 8.5 ஐ 15 ஆல் வகுத்து 0.57 வரும். வீடுகளுக்குப் பிரிட்டனில் 0.75, ஜெர்மனியில் 0.70 என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். 0.57 தெளிவான அபாயம்.

பூஞ்சைக்குச் சுவரில் நீர் வடிய வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனாலே போதும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரியில்தான் நீர் துளிர்க்கும், ஆனால் 15.4 டிகிரிக்குக் கீழே போனதுமே பூஞ்சைக்கு வழி பிறந்துவிடும். நம் 13.5 டிகிரி மூலை மாட்டிக்கொண்டது. அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு இறக்கினால் அந்த எல்லை 12.6 டிகிரிக்கு இறங்கும். அதே மூலை தப்பிக்கும். வெளியே 0 டிகிரிக்குப் போகும் இரவில் காரணி 0.57 உள்ள மூலை 11.4 டிகிரியாகி மறுபடி சிக்கும். எனவே காற்றோட்டத்தைக் கூட்டுவது உடனடி உதவி, இன்சுலேஷனே நிலையான தீர்வு.

16. இந்தப் படத்தை வெச்சு எத்தனை வாட் வீணாகுதுன்னு சொல்லிட முடியுமா?

ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ±2 டிகிரி துல்லியம் (கேள்வி 4) இந்தக் கணக்கைத் தின்றுவிடும். நல்ல சுவரில் பரப்புக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வேறுபாடே 0.6 டிகிரிதானே. சுவரின் யூ மதிப்பு வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 9869 முறைப்படி வெப்பப் பாய்வுத் தகட்டை ஒட்டிக் குறைந்தது 72 மணி நேரம் அளக்க வேண்டும். தகட்டை எங்கே ஒட்டினால் சுவரின் சராசரிப் பகுதி கிடைக்கும் என்று காட்ட வெப்பப்படம் மிகவும் உதவும்.

17. எங்க வீட்டுல ஹீட்டரே இல்லை, ஏசிதான். எங்களுக்கு இது உதவுமா?

உதவும், எல்லாமே திசை மாறும். உள்ளே 24, வெளியே 36 என்றால் 12 டிகிரி வித்தியாசம் கிடைத்துவிடுகிறது. கேள்வி 11இல் சொன்ன வடிவங்கள் அப்படியே வரும், நீலத்துக்குப் பதில் சூடான நிறத்தில். இரவில் வெளியே 28க்கு இறங்கிவிட்டால் வித்தியாசம் போதாது. நிழல் விழுந்த சுவர்களைப் பிற்பகலில் எடுங்கள். கான்கிரீட் கூரை வெயிலின் சூட்டைச் சில மணி நேரம் தாமதித்தே கீழே இறக்கும் என்பதால் சீலிங்கை மாலையில் எடுங்கள்.

டக்ட் (காற்றைக் கொண்டுவரும் குழாய்) வழியாகக் குளிர்காற்று வரும் வீட்டில், சீலிங்கில் டக்ட் போகும் பாதையில் எதிர்பாராத குளிர்த் திட்டு தெரிந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. வெளியே புழுக்கமாக இருக்கும்போது உள்ளே புகும் காற்று குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும் என்பதால் அந்த இடத்தை ஈரமானியாலும் பாருங்கள்.

18. ரெண்டு பேர் ஒரே வாரத்துல அதே சுவரை எடுத்தாங்க. ஒருத்தர் மோசம்கறார், ஒருத்தர் நல்லாயிருக்குங்கறார். யாரை நம்பறது?

முதலில் இரண்டு படத்தின் கோலையும் பாருங்கள் (கேள்வி 8). பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு எடுத்த நேரம், வெளி வெப்பநிலை, முந்தைய நாள் வெயில் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மேற்குச் சுவரை இரவு 8 மணிக்கு எடுத்தவருக்கு அந்தச் சுவர் வெயில் சூட்டில் மின்னியிருக்கும். காலை 5 மணிக்கு எடுத்தவருக்கு உண்மை தெரிந்திருக்கும். இரண்டையும் வெப்பநிலைக் காரணியாக (கேள்வி 15) மாற்றிப் பார்த்தால் வெவ்வேறு நாளின் படங்களை ஓரளவு நியாயமாக ஒப்பிடலாம். இந்த விவரங்களைத் தர முடியாதவரின் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

19. ரிப்போர்ட்ல என்னென்ன இருக்கணும்?

தேதி, நேரம், உள் வெளி வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வானத்தின் நிலை, கடைசியாக மழையோ வெயிலோ பட்ட நேரம், கேமராவின் மாடலும் அளவுத்திருத்தத் தேதியும், பயன்படுத்திய எமிஸிவிட்டி, பிரதிபலிப்பு வெப்பநிலை. ஒவ்வொரு வெப்பப்படத்துக்கும் பக்கத்தில் சாதாரணப் புகைப்படம், வீட்டு வரைபடத்தில் அதன் இடம், எந்தச் சோதனையால் உறுதி செய்தார்கள் என்ற ஒரு வரி. கட்டடங்களின் வெப்பக் குறைகளை அகச்சிவப்பு முறையில் கண்டறிவதற்கான ஐ.எஸ்.ஓ. 6781 தரநிலையைப் பின்பற்றுகிறாரா என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் சேமித்த கோப்பில் கோல், நிறம், எமிஸிவிட்டி எல்லாவற்றையும் பிறகு மாற்றிப் பார்க்கலாம். ஃபோகஸை மட்டும் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. மங்கலான படத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

20. பத்து இடத்துல குறை காட்டியிருக்கு. எதை முதல்ல சரி பண்றது?

நீர் எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துவது முதல் வேலை. அடுத்து காற்றுக்கசிவு, அதிலும் பரணை ஒட்டிய மேல் இடுக்குகள். இன்சுலேஷனை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். கசிவை அடைக்காமல் மேலே பஞ்சைப் பரப்பினால் ஈரமான சூடான காற்று அதன் வழியே ஏறிக் குளிர்ந்த கூரையில் நீராகும். பஞ்சும் கெடும், மரமும் கெடும். 6 மி.மீ. வரையுள்ள இடுக்குக்கு சீலன்ட் போதும். அதைவிட அகலமானால் நுரைக் கயிறு திணித்து மேலே சீலன்ட் அல்லது ஸ்ப்ரே ஃபோம். புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் போடவே கூடாது, உலோகத் தகடும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான். சீலிங்கில் பதித்த விளக்கு இன்சுலேஷனைத் தொடலாம் என்ற தரத்தில் இல்லையென்றால் சுற்றிலும் 75 மி.மீ. இடைவெளி விடுங்கள், தீ அபாயம். ஜன்னலை மாற்றுவது பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் வர வேண்டியது. சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்கை அடைத்தாலே பாதிக் குறை தீரும்.

வீட்டுக்குள் எரிபொருளில் ஓடும் கருவி இருந்தால், இடுக்குகளை அடைத்த பிறகு அதற்குப் போதிய காற்று வருகிறதா என்று சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

21. சரி செஞ்சாச்சு. மறுபடி எடுத்துப் பார்க்கணுமா?

கட்டாயம். ஊதி நிரப்பிய இன்சுலேஷன் ஜன்னலுக்குக் கீழேயும் குழாய்களைச் சுற்றியும் போய்ச் சேராமல் நிற்பது வழக்கமாக நடப்பது. ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் மறுபடி எடுத்துவிடுங்கள். அதே கோணம், அதே கோல், 10 டிகிரிக்குக் குறையாத வித்தியாசம். புதிதாகப் பூசிய இடம் மட்டும் உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஆவியாகும் நீர் அதைக் குளிர்விப்பதால், சரியாகச் செய்த வேலையும் நீலத் திட்டாகத் தெரியும். ஈரமானி பழைய பூச்சிலும் புதிய பூச்சிலும் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அந்த இடத்தை எடுங்கள்.